டயரும் ட்யூபும்

சிறு விமானமொன்றின் டயரை மாற்றுவது பற்றி இந்தப் பத்திரிகையில் எழுதுவது சிலருக்கு அதிகப்பிரசங்கித்தனமாகப் படலாம். உருவம், உள்ளடக்கம் என்ற இரண்டு வார்த்தைகளை வைத்துக்கொண்டு அறுபது வருஷங்களுக்கு மேலாகச் சண்டை போட்டுவருகிறோம். இவை இரண்டும் தனித்தனியே கடையில் விலைக்குக் கிடைக்கிற ஒரு பொருளைப் பற்றிக் கொஞ்சம் யோசிப்பது நமக்குக் கெடுதல் செய்யாது என்பது என் அபிப்பிராயம். இதை உவமையாக எடுத்துக்கொள்பவர்களை என்னால் தடுக்க முடியாது. ஆனால் டயரை முதலில் டயராகப் பார்த்துவிடுவது நல்லது.

போன வருஷம் மூன்று வாரம் லீவு போட்டு, அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்தில் அக்கா வீட்டில் இருந்தேன். அத்தான் இன்னும் மூன்று பேரோடு சேர்ந்து ஒரு இருவர் விமானத்தில் கால் பங்கு வாங்கியிருக்கிறார். கால் பங்கின் விலை அங்கே ஒரு சாதாரணக் காரின் விலைதான். ஆகவே கோடீஸ்வர உறவு என்று யாரும் நினைக்கவேண்டாம். 'லைட் ஸ்போர்ட்' என்று சொல்லப்படும் இந்த வகையை அமெரிக்க விமானத்துறை 2004இல் ஏற்படுத்தியது. இரண்டு பேருக்கு மேல் கூடாது, பயணிகள், பெட்ரோல் எல்லாம் சேர்ந்து சுமார் 600 கிலோவுக்கு மேல் போகக்கூடாது என்பவை அப்போது போட்ட நிபந்தனைகளில் முக்கியமானவை. 2025இல் வந்த புதிய விதிகள் எடை வரம்பை விட்டுவிட்டு வேறு அளவுகோலுக்குப் போய்விட்டன. அத்தானின் விமானம் பழைய நிபந்தனையின்கீழ் பிறந்தது.

ஓஹையோ என்பது இந்த விஷயத்தில் தற்செயலான இடம் அல்ல. ரைட் சகோதரர்கள் டேட்டன் நகரத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தவர்கள். 1896 முதல் சொந்தமாகவே சைக்கிள் செய்து விற்றார்கள். அதே மாநிலத்தில் ஆக்ரன் நகரம்தான் டயர்களின் தலைநகரமாக இருந்தது. 1898இல் குட்இயர் அங்கேதான் தொடங்கப்பட்டது. கம்பெனிக்குப் பெயர் கொடுத்த சார்ல்ஸ் குட்இயருக்கும் கம்பெனிக்கும் சம்பந்தமில்லை. ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கி உறுதிப்படுத்தும் முறையை 1839இல் கண்டவர் அவர். கடனாளியாக 1860இல் இறந்தார். இதில் எனக்கு வேடிக்கையாகத் தோன்றிய சங்கதி, சைக்கிள் கடைக்காரர்களான ரைட் சகோதரர்கள் 1903இல் பறந்த விமானத்தில் சக்கரமே கிடையாது என்பது. தண்டவாளம் ஒன்றின்மேல் ஓடிக் கிளம்பியது. மரச் சறுக்குக் கட்டைகளில் வந்து இறங்கியது. சக்கரம் வைத்த மாடலை அவர்கள் செய்தது 1910இல். தனக்கு மிகப் பரிச்சயமான பொருளை எங்கே உபயோகிக்க வேண்டியதில்லை என்று தெரிந்திருப்பதும் ஒரு கலைஞானம்தான்.

அத்தானின் விமானத்துக்கு மூன்று சக்கரங்கள். பின்னால் இரண்டு, மூக்கின் கீழ் ஒன்று. பின்சக்கரங்களின் டயர்கள் தேய்ந்து, நடுவிலுள்ள பள்ளக்கோடு ஓரிடத்தில் அழிந்தே போயிருந்தது. கோடு அழிந்தால் மாற்றவேண்டும். இதை ஒரு மாதம் முன்னாலேயே யாராவது பார்த்திருக்கலாம். ஆனால் காற்றின் எதிர்ப்பைக் குறைக்கச் சக்கரங்களை அழகான வெள்ளைக் கூடுகளால் மூடியிருக்கிறார்கள். டயரின் அடிப்பாகம் கொஞ்சம்தான் வெளியே தெரியும். விமானத்தைக் கையால் தள்ளி, சக்கரத்தைச் சிறிது சிறிதாக உருட்டி, குனிந்து பார்த்தால்தான் முழு வட்டமும் கண்ணில் படும். நால்வரில் குனிந்தவர் அத்தான் ஒருவர்தான்.

அமெரிக்கச் சட்டத்தில் ஓர் அம்சம் என்னைக் கவர்ந்தது. விமானி உரிமம் வைத்திருக்கும் சொந்தக்காரன், மெக்கானிக் இல்லாமல் தானே செய்துகொள்ளலாம் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். அந்தப் பட்டியலில் முதல் இனமே டயரைக் கழற்றுவதும் மாட்டுவதும்தான். சக்கர பேரிங்கைச் சுத்தம் செய்து கிரீஸ் வைப்பதும் உண்டு. ஆனால் செய்த வேலையின் விவரம், தேதி, உரிம எண் எல்லாவற்றையும் விமானத்தின் பதிவுப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். சட்டம் கையை நம்புகிறது. நம்பியதற்கு ஈடாகப் பெயரைக் கேட்கிறது. வங்கியில் பன்னிரண்டு வருஷமாக இனிஷியல் போட்டுக்கொண்டிருக்கிற எனக்கு இந்த ஏற்பாடு உடனே புரிந்தது.

தேர்ந்தெடுப்பதற்கு வருகிறேன். டயரின் அளவு 5.00-5. முதல் எண் சுமாராக டயரின் அகலம், அங்குலத்தில். இரண்டாவது அது உட்காரும் ரிம்மின் விட்டம். நிறுத்தி வைத்தால் 14 அங்குல உயரம், முழங்காலுக்கு வராது. அளவை விமானம் செய்தவர் நிர்ணயித்துவிடுகிறார். அத்தானின் விமானம் கம்பெனியில் முழுதாகச் செய்யப்பட்டு சான்று பெற்றது என்பதால், அவர் ஒப்புக்கொண்ட டயர்களைத்தான் போடலாம். இதே வகையில் பரிசோதனை விமானம் என்று பதிவானவற்றின் சொந்தக்காரர்களுக்குச் சுதந்திரம் அதிகம். அவர்களில் சிலர் பார்வைக்கு ஒன்றேபோல் இருக்கிற தள்ளுவண்டி டயரை, மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கி மாட்டுகிறார்கள்.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? நின்றுகொண்டிருக்கும்போது ஒன்றுமில்லை. தள்ளுவண்டி டயர் மனிதன் நடக்கிற வேகத்துக்குப் பிறந்தது. விமான டயர் பறக்கும்போது சுற்றாமல் சும்மா தொங்குகிறது. இறங்கித் தரையைத் தொட்ட கணத்தில், மணிக்கு 90 கிலோமீட்டருக்கு மேலான வேகத்தை நின்ற நிலையிலிருந்து எட்டவேண்டும். 14 அங்குலச் சக்கரத்துக்கு இது நொடிக்குச் சுமார் 23 சுற்று. அந்த அதிர்ச்சியைத் தாங்குவதற்குத்தான் சோதனை, முத்திரை எல்லாம். அமெரிக்காவில் விமான டயருக்கான தர விதிக்கு சி62 என்று எண் கொடுத்திருக்கிறார்கள். முத்திரையின் பொருள், இது ஏற்கெனவே ஒருமுறை அந்தக் கணத்தை அனுபவித்துப் பார்த்த ஜாதி என்பதுதான்.

அப்புறம் ப்ளை. டயரின் உடம்புக்குள் எத்தனை அடுக்கு நூலிழை இருக்கிறது என்பதை ஒரு காலத்தில் இந்த வார்த்தை குறித்தது. நூல் பருத்தியிலிருந்து நைலானுக்கு வந்தபின் அது பலத்தைக் காட்டும் குறியீடு மட்டுமாகிவிட்டது. 6 ப்ளை என்று அச்சடித்திருந்தால் உள்ளே ஆறு அடுக்கு இருந்தாக வேண்டும் என்பதில்லை. நம் விமர்சன வார்த்தைகள் பலவற்றுக்கும் இதே கதி நேர்ந்திருக்கிறது, அது ஒருபுறமிருக்கட்டும். ப்ளை அதிகமானால் டயர் உறுதியாகும், கனமாகும், விறைப்பாகும். கனமான டயர் நல்ல டயர் என்று பங்காளிகளில் ஒருவர் வாதிட்டார். 600 கிலோவுக்குள் அடங்கவேண்டிய விமானத்தில், டயரில் கூட்டிய ஒவ்வொரு கிலோவையும் பெட்ரோலிலோ ஆளிலோ கழிக்கவேண்டும் என்று அத்தான் கணக்குப் போட்டுக் காட்டினார். செய்தவர் சொன்ன ப்ளையே முடிவாயிற்று.

இதுவரை சச்சரவு பெரிதில்லை. ட்யூபில்தான் வந்தது.

ட்யூப் இரண்டு ஜாதி. இயற்கை ரப்பரில் செய்தது ஒன்று, ப்யூட்டைல் என்ற செயற்கை ரப்பரில் செய்தது மற்றொன்று. இரண்டாவதில் காற்று வெகு மெதுவாகத்தான் கசியும். வாரக்கணக்கில் கூடாரத்தில் சும்மா நிற்கிற விமானத்துக்கு இது சின்ன விஷயமில்லை. காற்றழுத்தம் குறைவாக இருந்தால் டயர் ஓரங்களில் மடங்கிச் சூடேறும். பிரேக் போடும்போது ரிம்மின்மேல் வழுக்கி நகரும். டயரோடு ட்யூபும் நகரும், ரிம்மின் துளையில் மாட்டிக்கொண்ட வால்வு நகராது, வேரோடு அறுந்துவிடும். டயரிலிருந்து ரிம் வரை ஒரு சிவப்புப் பெயின்ட் கோடு இழுத்துவைப்பது இதற்காக. கோடு முறிந்திருந்தால் டயர் நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஈரமான ஓடுதளத்தில் இன்னொரு ஆபத்து: டயர் தண்ணீரின்மேல் மிதக்கத் தொடங்கும் வேகத்தைக் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தை ஒன்பதால் பெருக்கிச் சொல்கிறார்கள். சதுர அங்குலத்துக்கு 25 பவுண்டு என்றால் 45 நாட். சிறு விமானம் இறங்குகிற வேகத்துக்குப் பக்கத்திலேயே நிற்கிற எண் அது. வெளியிலுள்ள குளிரும் வெக்கையும் வேறு அழுத்தத்தை மாற்றும். மூன்று டிகிரி குறைந்தால் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு போய்விடும். ஓஹையோவின் குளிர்காலத்தில் யாரும் தொடாமலே டயர் இளைக்கும்.

புது டயருக்குப் புது ட்யூப் போடவேண்டும் என்றார் அத்தான். பங்காளி ஒருவர் மறுத்தார். ரிடயரான பொறியாளர், சிக்கனக்காரர், முட்டாள் அல்ல. பழைய ட்யூப் ப்யூட்டைல், நாலு வருஷம் ஒரு பஞ்சர் கண்டதில்லை, காற்று நிற்கிறது, நிற்கிற ட்யூபை எதற்குத் தூக்கிப் போடவேண்டும்? அவர் வாதத்தில் எனக்கு அப்போது குற்றம் காணமுடியவில்லை. என் அப்பா தென்காசிப் பக்கம் சைக்கிள் கடை வைத்திருந்தவர். ஒரே ட்யூபில் ஏழு, எட்டு ஒட்டுப் பார்த்திருக்கிறேன். உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, ஊதி உலர்த்தி ஒட்டிய ஒட்டு, ட்யூபைவிட அதிக நாள் உழைக்கும். ட்யூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி பார்ப்பதுதான் அங்கே இறுதிப் பரீட்சை. குமிழி இல்லையென்றால் குற்றமில்லை.

"ஓடுதுங்கிறது ஒரு சர்ட்டிஃபிகேட் இல்ல மாப்ளே. நேத்து வரைக்கும் ஓடிச்சு, அவ்வளவுதான்," என்றார் அத்தான். வாதத்தை வளர்க்காமல் அவர் ஒரு காரியம் செய்தார். பழைய ட்யூபையும் பெட்டியிலிருந்து எடுத்த புதியதையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மடிப்பு நிமிர்கிற அளவுக்கு மட்டும் இரண்டிலும் காற்று விட்டார். பழையது பெரிதாக இருந்தது. அளவெடுக்க வேண்டிய அவசியமே இல்லை; கண்ணுக்கே தெரிந்தது. நாலு வருஷம் அழுத்தத்திலும் சூட்டிலும் கிடந்த ரப்பர் நிரந்தரமாக விரிந்துவிடுகிறது. பழைய அளவுக்குத் திரும்புவதில்லை. இதைப் புது டயருக்குள் திணித்தால் எங்காவது மடிந்துதான் உட்காரும். மடிந்த இடம் ஒவ்வொரு சுற்றிலும் டயரின் உட்சுவரோடு உராயும். உராய்ந்த இடம் மெலியும். எந்தத் தண்ணீர்த் தொட்டியும் இதைக் காட்டாது. குமிழி வருகிற அன்று நொடிக்கு 23 சுற்றில் ஓடிக்கொண்டிருக்கும். வலது ஸீட்டில் என் அக்கா உட்கார்ந்திருப்பாள்.

பொறியாளர் இரண்டு ட்யூபையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் பேசவில்லை, பணம் கொடுத்தார். ஒப்பீடும் பகுப்பும்தான் விமர்சகனின் கருவிகள் என்று எலியட் சொன்னதைக் கல்லூரியில் படித்துப் பரீட்சை எழுதியவன் நான். அது ஒரு மனிதனை வாயடைக்கச் செய்ததை அன்றுதான் நேரில் கண்டேன். அத்தான் ஒரு விசேஷணம்கூடச் சொல்லவில்லை என்பதைக் குறிப்பிடவேண்டும்.

மாட்டுகிற வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விமான ரிம் சைக்கிள் ரிம் மாதிரி ஒரே துண்டு அல்ல. இரண்டு பாதிகளை போல்ட் போட்டுச் சேர்த்தது. காற்றை முழுக்க வெளியேற்றி, வால்வின் உள்ளூசியையே கழற்றியபின்தான் போல்ட்டைத் தொடவேண்டும். காற்றோடு கழற்றினால் இரண்டு பாதிகளும் வெடித்துப் பிரியும். அப்படிச் செத்தவர்கள் உண்டு. ரிம்மில் ஒட்டிக்கொண்ட டயரைக் கையாலும் மரக்கட்டையாலும் அமுக்கித்தான் விடுவிக்கவேண்டும். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் ரிம்மின் மெல்லிய உலோகத்தில் கீறல் விழும், கீறலிலிருந்து விரிசல் பிறக்கும். புது டயரின் உள்ளே முகத்துக்குப் போடுகிற மாதிரி டால்கம் பவுடர் பூசுகிறார்கள், ட்யூப் ஒட்டாமல் நகர்ந்து தன் இடத்தைக் கண்டுகொள்வதற்காக. டயரின் பக்கச்சுவரில் ஒரு சிவப்புப் புள்ளி இருக்கிறது. டயரின் எடை எந்த இடத்தில் குறைவோ அங்கே அதைச் செய்தவரே வைத்த புள்ளி. ட்யூபின் கனத்த இடத்தில் ஒரு மஞ்சள் கோடு. புள்ளியும் கோடும் ஒன்றையொன்று பார்த்து உட்காரவேண்டும். எந்தச் சரக்கும் தான் எங்கே லேசு என்று தானே சொல்லி நான் பார்த்ததில்லை. நம் கவிதைத் தொகுப்புகளின் பின்னட்டைகளைச் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ட்யூபில் கொஞ்சம் காற்று விட்டு உருட்டாக்கிக்கொண்டு, இரண்டு பாதி ரிம்களுக்கிடையே ட்யூப் கடிபடாமல் மூடி, போல்ட்டுகளைக் குறித்த அளவு முறுக்கவேண்டும். முழு அழுத்தம் ஏற்றி, முழுக்க இறக்கி, மறுபடி ஏற்றவேண்டும். முதல் காற்று ட்யூபின் சுருக்கத்தை எடுக்க, இரண்டாவது காற்றுதான் ஓட. அதன் பிறகும் ஒரு ராத்திரி வைத்துப் பார்க்கவேண்டும். காலையில் அழுத்தம் குறைந்திருக்கும். ஓட்டை அல்ல, புது டயர் விரிந்துகொடுக்கிறது, டயருக்கும் ட்யூபுக்கும் இடையில் சிக்கிய காற்று வெளியேறுகிறது. அத்தான் மறுநாள் மீண்டும் காற்றடித்து, அச்சில் மாட்டி, புதுக் காட்டர் பின் போட்டு, சிவப்புக் கோடு இழுத்து, பதிவுப் புத்தகத்தில் ஐந்து வரி எழுதிக் கையெழுத்திட்டார். வெள்ளைக் கூட்டை மேலே மூடினார். மூடியபின், சக்கரம் முந்தாநாள் எப்படி இருந்ததோ அப்படித்தான் இருந்தது. செய்த வேலையில் பார்ப்பதற்கு எதுவும் மிஞ்சவில்லை. பழைய ட்யூபை நாலு துண்டாக வெட்டிக் குப்பையில் போட்டார். முழுசாகப் போட்டால் யாராவது எடுத்து மாட்டிவிடுவார்கள் என்றார்.

இனி என் விஷயம். ஊரிலிருந்து கிளம்பும்போது என் பெட்டியில் நண்பர் ஒருவரின் கவிதைக் கையெழுத்துப் பிரதி இருந்தது. மூன்றாவது தொகுப்பு, முன்னுரை நான் எழுதவேண்டும். இந்தப் பத்திரிகையின் வாசகர்தான் அவர்; இதையும் படிப்பார். அறுபத்திரண்டு கவிதைகள். வரி உடைப்பு, நிறுத்தக்குறி, தலைப்பில்லாத் தலைப்பு எல்லாம் சமீபத்திய டயர், தேய்மானமே இல்லை. அவற்றுள் ஐம்பத்துமூன்றில் உள்ளே இருப்பது, அவரே தம் முதல் தொகுப்பில் அடைந்து, அங்கே சரியாகப் பொருந்தியிருந்த அதே துக்கம். பதினைந்து வருஷத்தில் அது விரிந்திருக்கிறது. ஆழமாகியிருக்கிறது என்று அவர் நினைக்கிறார். புது வரிகளுக்குள் அது மடிந்து கிடக்கிறது. வாசிக்கும்போது உராய்வு கேட்கிறது. பொய்யான துக்கம் என்று நான் சொல்லவில்லை. அதில் ஓட்டையும் இல்லை. தொட்டியில் அமுக்கினால் குமிழி வராது. இதனால்தான் அவரிடம் விளக்குவது கஷ்டமாகிறது.

உள்ளடக்கம் உண்மையாக இருந்தால் உருவம் தானே வரும் என்று ஒரு கட்சியும், உருவத்தைப் புதுப்பித்தால் உள்ளடக்கம் புதுப்பிக்கப்பட்டுவிடும் என்று மற்றொரு கட்சியும் நம்மிடையே நெடுநாளாக இருந்துவருகின்றன. தரையில் கிடந்த இரண்டு ட்யூபுகளும் இரு கட்சிக்கும் சாதகமாக இல்லை. உள்ளே இருப்பது தான் இருந்த உருவத்தின் அளவை ஏற்றுக்கொண்டுவிடுகிறது. அதை அங்கிருந்து எடுத்து இன்னொன்றில் போடமுடியாது. உருவத்தை மாற்றுகிறவன் அனுபவத்தையும் முதலிலிருந்து அடையவேண்டும். முடியாதென்றால் பழைய டயரிலேயே தேய்கிற வரை ஓடுவது கௌரவம். இதற்கு மேல் இந்த ஒப்புமையை நான் நீட்டப்போவதில்லை.

ஊர் திரும்பியதும் நண்பரைப் பார்த்து முன்னுரை எழுதமுடியாது என்றேன். நாலு வார்த்தை நல்லதாகச் சொல்லிவிட்டால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டார். நம் வட்டம் இருநூறு பேர். ஒருவருக்கொருவர் முன்னுரை, ஒருவருக்கொருவர் மதிப்புரை. யார் என்ன செத்தா போய்விடுகிறார்கள்? நியாயமான கேள்வி. மோசமான கவிதையால் யாரும் ஓடுதளத்தில் கவிழ்வதில்லை. ஆனால் பகலெல்லாம் நான் செய்கிற வேலை என்ன? காசோலையின் பிம்பத்தையும் மாதிரிக் கையெழுத்தையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துச் சரி என்று என் எண்ணைத் தட்டுவது. பார்க்காமல் தட்டினாலும் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது சரியாகத்தான் இருக்கும். பார்த்தேன் என்பதற்குத்தான் சம்பளம். மாலையில் ஒரு பைசா சம்பளமில்லாமல் செய்கிற வேலையில் மட்டும் பார்க்காமல் கையெழுத்திட்டால், அந்த மாலை எனக்கு எதற்கு?

அவர் மூன்று மாதமாக என்னிடம் பேசவில்லை. பிரதி என்னிடம் பத்திரமாக இருக்கிறது. அதில் ஒன்பது கவிதைகளைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். அவருடைய மகள் வீட்டைவிட்டுப் போனபின் எழுதியவை என்று ஊகிக்கிறேன். உள்ளே இருப்பதும் புதிது, வெளியே இருப்பதும் அதற்காகவே வந்தது. அந்த ஒன்பதுக்கு மட்டுமானால் இன்று ராத்திரியே எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்கத் தயாராக இருக்கிறேன்.